ஒலியால் கருவைக் கண்ட இயான் டொனால்ட்

வெல்டிங் செய்த இரும்பினுள் விரிசல் உண்டா என்பதை, அதை அறுக்காமலே கேளா ஒலியைச் செலுத்திக் கண்டறிவர். ஆலைகள் சூழ்ந்த பென்னலூர், ஒரகடம் பகுதி மாணவர்க்கு இது புதிதன்று. இரும்பைச் சோதித்த அக்கருவியைத் தாயின் வயிற்றைச் சோதிக்கப் பயன்படுத்திய பெருமகனார் பேராசிரியர் இயான் டொனால்ட் ஆவார்.

1910 டிசம்பர் 27ஆம் நாள் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், மருத்துவர் குடும்பத்தில் அவர் பிறந்தார். தென்னாப்பிரிக்காவில் பட்டம் பெற்றபின் லண்டனில் மருத்துவம் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் விமானப்படை மருத்துவராகப் பணியாற்றி, எரியும் விமானத்தினின்று வீரர்களை மீட்டு விருது பெற்றார். ராடார், சோனார் ஆகியவற்றின் ஆற்றலை அங்குதான் அறிந்தார்.

1954இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் மகப்பேற்றுப் பேராசிரியரானார். மறு ஆண்டு ஜூலையில், அறுவையில் நீக்கிய கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு, ரென்ஃப்ரூவிலிருந்த பாப்காக் வில்காக்ஸ் கொதிகலன் தொழிற்சாலைக்குச் சென்றார். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு துண்டு மாட்டிறைச்சியும் வைக்கப்பட்டது. நீர்க்கட்டி வேறு, தசைக்கட்டி வேறு என்று கருவியின் திரை பிரித்துக் காட்டிற்று. ஆயினும் மருத்துவர் சிலர் நகைத்தனர். பின்னர், புற்றுநோய் முற்றியது எனக் கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் இருப்பது நீர்க்கட்டியே என்று கருவி காட்ட, அறுவை செய்து அவரைப் பிழைக்க வைத்தார் டொனால்ட். ஏளனம் அடங்கிற்று. பொறியாளர் டாம் பிரவுன், மருத்துவர் ஜான் மக்விகார் ஆகியோருடன் அவர் எழுதிய ஆய்வுரை 1958 ஜூன் 7இல் லான்செட் இதழில் வெளிவந்தது.

படம் கிடைத்தால் மட்டும் போதுமா? கருவின் தலையைச் சற்றுச் சாய்வாக அளந்தாலும் கணக்கு மாறும். ஒரே குழந்தைக்கு இருவேறு வயது சொல்ல நேரும். எனவே டொனால்டிடம் பணியாற்றிய ஸ்டூவர்ட் கேம்பெல், தலையின் நடுக்கோட்டைத் திரையில் கண்ட பின்னரே அளக்க வேண்டும் என்று 1968இல் முறை வகுத்தார். யார் அளந்தாலும் ஒரே விடை வரவேண்டும் என்பதே அதன் நோக்கம்.

இதயத் துடிப்பு, குழந்தை ஒன்றா இரண்டா, எத்தனை வாரம், நஞ்சின் இடம், பனிக்குட நீரின் அளவு, தலை கீழ்நோக்கி உள்ளதா ஆகியவற்றைப் பார்ப்பதே அடிப்படைச் சோதனை. 24 வாரம் ஆகுமுன் ஒரு முறையேனும் ஸ்கேன் எடுக்க உலக சுகாதார நிறுவனம் 2016இல் பரிந்துரைத்தது. வேலை தேடி இப்பகுதிக்கு வந்த பெண் இங்கே ஸ்கேன் எடுப்பார்; பேறுகாலத்திற்குத் தாய்வீடு செல்வார். இங்கே எழுதிய எண் அங்குள்ள மருத்துவருக்கும் அதே பொருளைத் தராவிடில், ஆபத்து தாய்க்கும் சேய்க்கும் அன்றோ?

கருக்கலைப்புச் சட்டத்தை எதிர்த்துப் போராடியவர் டொனால்ட். அவர் கண்ட கருவியே நம் நாட்டில் பெண் கருவை அழிக்கத் துணைபோயிற்று. கருவின் பாலினத்தைக் கூறுவதைத் தடுக்க 1994இல் சட்டம் இயற்ற நேர்ந்தது. கருவி எதைப் பார்க்க வேண்டும் என்பதோடு, எதைச் சொல்லலாகாது என்பதும் ஒழுங்கே.

1987 ஜூன் 19இல் அப்பெருமகனார் மறைந்தார். நண்பர்களே, உங்கள் இல்லத்தில் அக்காளோ அண்ணியோ கருவுற்றிருந்தால், முதல் ஸ்கேன் தாளைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். முதலில் எடுத்த நாட்கணக்கே துல்லியமானது. இறுதி மாதத்தில் மருத்துவர் தேடுவதும் அதைத்தான்.