ஹார்ட்டொக் யாகோப் ஹம்பர்கர்

ஹார்ட்டொக் யாகோப் ஹம்பர்கர் (மார்ச் 9, 1859 - சனவரி 4, 1924) நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த உடலியங்கியல் அறிஞர் ஆவார். உப்புக் கரைசல்களில் குருதிச் சிவப்பணுக்கள் அடையும் மாற்றங்களை ஆராய்ந்தவர். மருத்துவமனைகளில் பயன்படும் 0.9% உப்புக் கரைசலின் செறிவு இவருடைய ஆய்வுகளோடு தொடர்புடையது.

வாழ்க்கை

அல்க்மார் நகரில் பிறந்த ஹம்பர்கர், உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்றார். பின்னர் உடலியங்கியல் அறிஞர் டோண்டர்சிடம் உதவியாளராகப் பணியாற்றினார். 1888 இல் உத்ரெக்ட் கால்நடை மருத்துவப் பள்ளியில் ஆசிரியரானார். 1901 இல் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் உடலியங்கியல் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார். 1913 இல் அந்நகரில் கூடிய பன்னாட்டு உடலியங்கியல் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார்.

சிவப்பணு ஆய்வுகள்

செறிவு குறைந்த உப்புக் கரைசலில் சிவப்பணுவை இட்டால், நீர் உள்ளே புகுந்து அது உப்பி வெடிக்கும். ஈமோகுளோபின் வெளியேறிக் கரைசல் சிவக்கும். செறிவு மிகுந்த கரைசலில் சிவப்பணு நீரை இழந்து சுருங்கும். ஹம்பர்கர் 1880களில், நிறம் கசியத் தொடங்கும் செறிவைப் பல்வேறு உப்புகளுக்குத் தனித்தனியே கண்டறிந்தார். இம்முடிவுகள், தாவரக் கலங்களைக் கொண்டு ஹியூகோ டி விரீசு கண்ட ஊடுபரவல் விதிகளோடு பொருந்தின.

அக்காலத்தில் தவளைத் திசுக்களுக்கு ஏற்ற ஏறத்தாழ 0.6% கரைசலே பாலூட்டிகளின் குருதிக்கும் பயன்பட்டு வந்தது. மனிதக் குருதிக்குச் சுமார் 0.9% கரைசலே ஈடானது என ஹம்பர்கர் காட்டினார். இவ்விரண்டின் உறைநிலையும் ஏறத்தாழ ஒன்றே என்பது அதற்குச் சான்றாயிற்று.

கார்பன் டைஆக்சைடு குருதியில் சேரும்போது குளோரைடு அயனிகள் சிவப்பணுவினுள் செல்வதையும் இவர் ஆராய்ந்தார். பைகார்பனேட்டு வெளியேற, அதற்கு ஈடாகக் குளோரைடு உட்புகும் இச்செயல் ஹம்பர்கர் நிகழ்வு எனப்படுகிறது.

கரைபொருளின் பங்கு

மொத்தச் செறிவு மட்டும் சிவப்பணுவைக் காப்பதில்லை. யூரியா, கிளிசரால் ஆகியவை கலச்சவ்வைக் கடந்து உள்ளே செல்லக்கூடியவை. எனவே இவற்றை நீரில் மட்டும் கரைத்து, குருதிக்கு ஈடான ஊடுபரவல் அழுத்தம் உடையதாக்கினாலும் சிவப்பணு வெடித்துவிடும். அதே யூரியாவை 0.9% உப்புக் கரைசலில் சேர்த்தால், உப்பு வெளியே நிலைத்திருப்பதால் சிவப்பணு பெரும்பாலும் சிதையாது.

மதிப்பீடு

ஹம்பர்கரின் சிவப்பணுச் சோதனைகள் உடலுக்கு வெளியே எடுத்த குருதியில் நடந்தவை. சிரைவழி மருந்தொன்றை உருவாக்குவது அவற்றின் நோக்கமன்று. 0.9% கரைசலில் ஒரு லிட்டருக்கு 154 மில்லிமோல் குளோரைடு உள்ளது; குருதி நீர்மத்திலோ சுமார் 100 மில்லிமோலே உள்ளது. ஆகவே சிவப்பணுவைச் சிதைக்காத இக்கரைசலையும் மிகுந்த அளவில் செலுத்தினால் குருதியின் அமிலத்தன்மை கூடக்கூடும்.