காட்டில் ஒலித்த இசை

நுழையுமுன்

பிறந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழச் செல்வோர் எவற்றை உடன் எடுத்துச் செல்கின்றனர்? உடையும் பாத்திரமும் பெட்டியில் அடங்கிவிடும். கற்ற கலை எப்பெட்டியிலும் அடங்காது. நாள்தோறும் பழகினால் மட்டுமே அது நம்முடன் வரும். தம் ஊரை விட்டு ஆயிரக்கணக்கான கல் தொலைவில், ஆப்பிரிக்கக் காட்டில் மருத்துவப் பணி புரிந்த ஒருவர் தம் இசையை எவ்வாறு காத்தார் என்பதை இப்பாடம் கூறுகிறது.

இளமை

ஆல்பர்ட் சுவைட்சர் 1875 ஆம் ஆண்டு சனவரி 14 ஆம் நாள், அல்சாஸ் பகுதியிலுள்ள கைசர்ஸ்பெர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். அப்பகுதி அந்நாளில் செருமனியின் ஆட்சியில் இருந்தது. இன்று பிரான்சு நாட்டைச் சேர்ந்தது. தந்தையார் கிறித்தவச் சமய ஊழியர். அவர் பணியாற்றிய குன்ஸ்பாக் என்னும் ஊரிலேயே சுவைட்சர் வளர்ந்தார்.

தேவாலயங்களில் வாசிக்கப்படும் ஆர்கன் என்னும் பெருங்கருவியை அவர் இளமையிலேயே கற்றார். குழாய்களின் வழியே காற்றைச் செலுத்தி ஒலி எழுப்பும் அக்கருவியை வாசிக்கக் கைகளோடு கால்களும் வேண்டும். மிதிகட்டைகளைக் கால்கள் எட்டுவதே அரிதாக இருந்த எட்டாம் வயதில் அவர் பயிற்சியைத் தொடங்கினார். ஒன்பதாம் வயதில், ஊர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர் வர இயலாத வேளையில் அவருக்குப் பதிலாக அமர்ந்து வாசித்தார்.

பிற உயிர்கள் துன்புறுவதைச் சிறுவனால் தாங்க இயலவில்லை. ஏழெட்டு வயதில், நண்பன் ஒருவன் உண்டிவில்லுடன் பறவைகளை அடிக்க அவரை அழைத்துச் சென்றான். மறுத்தால் நண்பன் நகைப்பானே என்று அஞ்சி, சுவைட்சரும் கல்லைப் பொருத்திக் குறிபார்த்தார். அந்நேரத்தில் தேவாலய மணி ஒலித்தது. உடனே அவர் உண்டிவில்லை எறிந்துவிட்டுக் கைகளை வீசிப் பறவைகளைப் பறக்கச் செய்தார். அன்றுமுதல் பிறர் நகைப்புக்கு அஞ்சுவதை அவர் விட்டொழித்தார்.

முப்பதாம் அகவையில் மாணவர்

சுவைட்சர் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்று, 1899 இல் முனைவர் பட்டம் பெற்றார். பாரிசு நகரில் புகழ்பெற்ற ஆர்கன் கலைஞர் விடோரிடம் இசை கற்றார். செருமானிய இசைமேதை பாக் என்பாரைப் பற்றி அவர் எழுதிய நூல் 1905 இல் வெளிவந்தது. பேராசிரியர், சமயச் சொற்பொழிவாளர், இசைக்கலைஞர் என மூன்று நிலைகளிலும் அவர் பெயர் பரவியது.

ஆயினும், 21 ஆம் வயதிலேயே அவர் உள்ளத்துக்குள் ஓர் உறுதி பூண்டிருந்தார். முப்பது வயது வரை கல்விக்கும் இசைக்கும். அதன்பின் மக்கள் தொண்டுக்கு என்பதே அவ்வுறுதி. ஆப்பிரிக்காவின் காபோன் பகுதியில் மருத்துவரின்றி மக்கள் துன்புறுவதை ஓர் இதழில் படித்தபோது தம் வழி அதுவே எனத் தெளிந்தார். தாம் ஆசிரியராக இருந்த அதே பல்கலைக்கழகத்தில், 1905 இல் மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். கற்றதையெல்லாம் காட்டில் புதைக்கப்போகிறாரே என உற்றாரும் நண்பரும் வருந்தினர். அவர் மனம் மாறவில்லை. 1912 இல் எலன் பிரெஸ்லாவ் என்னும் நங்கையை மணந்தார். கணவருக்குத் துணைநிற்கும் பொருட்டு அவ்வம்மையார் செவிலியர் பயிற்சி பெற்றிருந்தார்.

கோழிக் கொட்டிலில் மருத்துவமனை

1913 ஏப்ரலில் இருவரும் ஓகோவே ஆற்றங்கரையிலுள்ள லம்பரேனே என்னும் இடத்தை அடைந்தனர். அங்கு மருத்துவமனைக் கட்டடம் எதுவும் இல்லை. வெயிலிலும் மழையிலும் நோயாளிகள் காத்திருந்தனர். பயன்பாடின்றிக் கிடந்த கோழிக் கொட்டில் ஒன்றைத் துப்புரவு செய்து, வெள்ளையடித்து, அதிலேயே மருத்துவம் பார்க்கத் தொடங்கினார் சுவைட்சர். மலேரியா, உறக்க நோய், தொழுநோய், குடலிறக்கம் எனப் பலவகைப் பிணிகளோடு மக்கள் ஓடங்களில் வந்தனர். முதல் ஒன்பது மாதங்களில் ஏறத்தாழ 2000 பேர் மருத்துவம் பெற்றனர். அறுவை மருத்துவத்தின்போது நோயாளிக்கு மயக்க மருந்து கொடுக்கும் பணியை எலன் அம்மையார் ஏற்றார்.

மொழி தெரியாத மருத்துவருக்கு மொழிபெயர்த்து உதவியவர் அவ்வூர்க்காரரான ஜோசப். அவர் முன்பு சமையற்காரராக இருந்தவர். ஆதலின் உடலுறுப்புகளை இறைச்சித் துண்டுகளின் பெயராலேயே குறிப்பிட்டார். காலில் வலி என்பதைத் தொடைக்கறியில் வலி என்பார். விலாவில் நோவு என்பதை நெஞ்செலும்புக் கறியில் நோவு என்பார். மருத்துவரும் அம்மொழியைப் புரிந்துகொண்டார்.

இரவில் ஒரு மணி நேரம்

ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டபோது, இசையை அடியோடு துறக்க வேண்டியிருக்கும் என்றே சுவைட்சர் எண்ணினார். ஆனால் பாரிசிலிருந்த பாக் இசைக்கழகம் அவருக்கொரு பரிசு அளித்தது. அது ஆர்கனைப் போன்ற மிதிகட்டைகள் பொருத்தப்பட்ட பியானோ. காட்டின் வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்குமாறு அமைக்கப்பட்ட அது, துத்தநாகத் தகடு வேய்ந்த பெட்டியில் கப்பலேறி வந்தது.

பகல் முழுவதும் நோயாளிகளிடையே நின்ற கைகள், இரவில் அக்கருவியின்மேல் அமர்ந்தன. அரங்கில் வாசிக்க வேண்டும் என்ற நெருக்கடி இல்லாததால், ஒவ்வோர் இசைப்படைப்பையும் பொறுமையாக ஆராய்ந்து மனப்பாடம் செய்தார். நாளொன்றுக்கு அரைமணி நேரமே கிடைத்தாலும் அதை அவர் இழக்கவில்லை.

1914 இல் முதல் உலகப்போர் மூண்டது. பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட நிலத்தில் வாழ்ந்த செருமானியக் குடிமக்கள் என்பதால் இருவரும் காவலில் வைக்கப்பட்டனர். சில மாதங்களுக்குப் பின்னரே மருத்துவப் பணியைத் தொடர முடிந்தது. 1917 இல் இருவரும் பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டனர். அங்கே பியானோவும் இல்லை, ஆர்கனும் இல்லை. சுவைட்சர் மேசையின் முன் அமர்ந்தார். மேசைப்பலகையைக் கருவியின் கட்டைகளாகவும் தரையை மிதிகட்டைகளாகவும் கருதி விரல்களையும் கால்களையும் இயக்கினார். ஒலியே எழாத அவ்வாசிப்பை முகாமில் அவர் விடாது தொடர்ந்தார்.

அப்பயிற்சி வீண்போகவில்லை. 1918 இல் விடுதலை பெற்றபோது அவர் உடல்நலம் குன்றியிருந்தார். மருத்துவமனைக்காக வாங்கிய கடனும் எஞ்சியிருந்தது. 1920 இல் சுவீடன் நாட்டுக்குச் சென்று ஊர் ஊராக ஆர்கன் வாசித்தும் சொற்பொழிவாற்றியும் பொருள் ஈட்டிக் கடனை அடைத்தார். துறந்துவிட்டதாக எண்ணிய இசையே அவரை மீண்டும் காட்டுக்கு அனுப்பியது. 1924 இல் அவர் லம்பரேனே திரும்பினார்.

உயிர்கள் நடுவே

இடிந்து கிடந்த மருத்துவமனையைச் சீர்செய்து, பின்னர் 1927 இல் விரிவான புதிய இடத்துக்கு மாற்றினார். கட்டடத்துக்குத் தூண் நடும்போதெல்லாம் ஒரு வழக்கத்தைக் கடைப்பிடித்தார். குழிக்குள் தேரையோ எறும்போ விழுந்துள்ளதா எனக் குனிந்து பார்த்து, அவற்றை வெளியே எடுத்துவிட்ட பின்பே தூணை இறக்கச் செய்தார். உயிர்களைப் போற்றுதல் என்னும் அவர்தம் கொள்கை, 1915 இல் ஓகோவே ஆற்றில் படகில் சென்றபோது, கதிரவன் மறையும் வேளையில், நீர்யானைக் கூட்டத்தின் நடுவே அவர் உள்ளத்தில் தோன்றியதாகும்.

மருத்துவமனையில் ஆடுகளும் கோழிகளும் தடையின்றி உலவின. மான்குட்டிகள் அவர் கையில் உணவுண்டு வளர்ந்தன. அவருடைய எழுதுமேசையின்மேல் சிசி என்னும் பூனை துயில்கொள்ளும். எழுதும் கையின்மீது அது தலைவைத்து உறங்கிவிட்டால், எழுப்ப மனமின்றி மறு கையால் எழுதுவார். பார்சிபல் எனப் பெயரிடப்பட்ட கூழைக்கடா ஒன்றும் அங்கு வளர்ந்தது. இரவில் அது மருத்துவர் வீட்டைக் காவலாளிபோல் காத்தது. நெருங்குவோரைத் தன் பெரிய அலகால் கொத்தவும் செய்தது.

புகழும் குறையும்

1952 ஆம் ஆண்டுக்குரிய அமைதி நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அத்தொகையைத் தொழுநோயாளர் குடியிருப்பு அமைக்கச் செலவிட்டார். ஆப்பிரிக்க மக்களைத் தம்மோடு முற்றும் நிகரானவராகக் கருதாமல், வழிநடத்தப்பட வேண்டிய இளையவராகவே அவர் எண்ணினார் என்ற குறை பின்னாளில் கூறப்பட்டது. பெரியோரின் வாழ்வைப் படிக்கும்போது இதனையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். 1965 செப்டம்பர் 4 ஆம் நாள், தம் 90 ஆம் அகவையில் லம்பரேனேயிலேயே அவர் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார்.

சுவைட்சர் தமிழகத்தைக் கண்டதில்லை. எனினும் இந்தியச் சிந்தனை பற்றி அவர் எழுதி 1935 இல் வெளிவந்த நூலில் திருக்குறளை வியந்து போற்றினார். இத்தகைய உயர்ந்த அறக்கருத்துகளின் தொகுதியை உலக இலக்கியத்தில் காண்பது அரிது என்பது அவர் கருத்து. அருளுடைமையும் கொல்லாமையும் கூறும் நூல், தேரைக்காகக் குழிக்குள் குனிந்து பார்த்தவரைக் கவர்ந்ததில் வியப்பில்லை.

கருவியில்லாத இடத்திலும் மேசையின்மேல் அவர் இசை பழகினார். தமிழ் பேசும் அண்டைவீட்டார் இல்லாத ஊர்களில் வாழும் நாமும், நாள்தோறும் ஒரு பக்கம் படித்தால், ஒரு பாட்டுப் பாடினால், நம் மொழி நம்முடன் இருக்கும்.

சொற்பொருள்

அகவை - வயது
கொட்டில் - கோழி, மாடு அடைக்கும் இடம்
கூழைக்கடா - நீண்ட அலகும் அதன்கீழ்ப் பையும் உடைய நீர்ப்பறவை
நிகர் - சமம்

பயிற்சி

1. சுவைட்சர் 21 ஆம் வயதில் பூண்ட உறுதி யாது?
2. ஜோசப் உடலுறுப்புகளை எவ்வாறு குறிப்பிட்டார்? ஏன்?
3. துறந்துவிட்டதாக எண்ணிய இசை சுவைட்சருக்கு எவ்வாறு உதவியது?
4. தூண் நடும்போது அவர் கடைப்பிடித்த வழக்கத்தை உம் சொற்களில் எழுதுக.
5. உம் வீட்டுப் பெரியவர் சொந்த ஊரிலிருந்து வந்தபோது உடன் கொண்டுவந்த பாட்டு, கலை அல்லது கைத்தொழில் ஒன்றைக் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.