அழுக்காறு வென்ற இசைவாணர்

அழுக்காறு பெரும்பாலும் ஒரே துறையில் உழைப்பவரிடையே வேர்விடும் நோய். கலைஞர் கூட்டத்தில் அதன் வன்மை இன்னும் மிகுதி. அந்நோயின் கொடுமையைப் பிறரால் உற்றும், தம் உள்ளத்தை அதற்கு இடமாக்காது வாழ்ந்தவர் ஆஸ்திரிய இசைமேதை ஜோசப் ஹைடன்.

அவர் 1732இல் ரோராவ் என்னும் சிற்றூரில், வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். இளமையில் வியன்னாவின் புனித ஸ்தேவான் பேராலயப் பாடகர் குழுவில் பாடினார். குரல் உடைந்ததும் வெளியேற்றப்பட்டார். வறுமையிலும் தாமே முயன்று இசையிலக்கணம் பயின்று, 1761இல் எஸ்டர்ஹாசி கோமகனின் அரண்மனை இசைக்குழுவுக்குத் துணைத் தலைவரானார்.

குழுவின் தலைவர் கிரிகோர் வெர்னர் முதுமையுற்றிருந்தார். இளையவரின் ஏற்றத்தை அவரால் தாங்க இயலவில்லை. ஹைடன் கடமையில் தவறுகிறார் என்று 1765இல் கோமகனிடம் முறையிட்டார், ஹைடன் கண்டிக்கப்பட்டார். மறு ஆண்டில் வெர்னர் மறைந்தார். தலைமை ஹைடனிடம் வந்தது.

இருபது ஆண்டுகள் சென்றன. ஐரோப்பா எங்கும் ஹைடனின் புகழ் பரவியிருந்தது. அந்நாளில் அவரினும் இருபத்துநான்கு ஆண்டு இளையவரான மொசார்ட் வியன்னாவில் ஒளிவீசினார். வெர்னர் நின்ற இடத்தில் இப்போது ஹைடன் நின்றார். ஆனால் அவர் செய்தது வேறு. 1785இல் மொசார்ட்டின் நால்வர் நரம்பிசைப் பாடல்களைக் கேட்டதும், தாம் அறிந்த இசையமைப்பாளருள் அவரே தலைசிறந்தவர் என்று, இறைவனைச் சான்றாக்கி அவருடைய தந்தையிடம் கூறினார். அதே ஆண்டில் மொசார்ட் ஆறு பாடல்களை அவருக்கே படைத்தார். 1787இல் பிராகு நகரத்தார் இசைநாடகம் ஒன்று கேட்டபோது, மொசார்ட்டுக்கு அருகே தம் நாடகத்தை வைத்தல் தகாது என மறுத்து, அவரைப் போற்றுமாறு வேண்டினார். 1791இன் இறுதியில் மொசார்ட் மறைந்தார். இலண்டனில் அச்செய்தி கேட்டு வருந்திய ஹைடன், அவருடைய மகனுக்கு ஊதியமின்றி இசை கற்பிக்க முன்வந்தார்.

ஹைடன் மனக்குறையே அறியாத முனிவரல்லர். அவருடைய இல்லறம் இனிதாக அமையவில்லை. அரண்மனைத் தனிமையை எண்ணிக் கடிதங்களில் புலம்பியதுண்டு. எனினும் அத்தனிமையே பிறரைப் பின்பற்றாத தனித்தன்மையைத் தமக்கு அளித்தது என்று பிற்காலத்தில் உணர்ந்தார். ஏட்டின் தொடக்கத்தில் இறைவன் திருப்பெயரையும் இறுதியில் இறைபுகழையும் எழுதுவது அவர் வழக்கம். இசை தடைப்பட்ட வேளைகளில் செபமாலையைக் கையிலெடுத்து மன்றாடுவார். தம் திறம் தாம் ஈட்டிய பொருளன்று, பெற்ற கொடை என்னும் தெளிவே அவருக்கு அமைதி தந்தது. கொடுத்தவன் மற்றொருவனுக்கு மிகுதியாகக் கொடுத்தான் என்றால், அதற்கும் அவரால் நன்றி சொல்ல முடிந்தது.

அந்த அமைதி பழைய காயத்தையும் ஆற்றியது. 1804இல், வியன்னா போற்றும் முதியவராக இருந்த ஹைடன், தம்மைப் பழித்த வெர்னரின் இசைப் படைப்புகளிலிருந்து ஆறு பகுதிகளைத் தேர்ந்து, நரம்பிசைக்கு ஏற்ப அமைத்து அச்சேற்றினார். வெர்னர் மறைந்து முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின், மதிப்புக்குரிய முன்னோராக அவரை உலகுக்கு மீண்டும் காட்டினார்.

1808 மார்ச் 27 அன்று அவருடைய 'படைப்பு' என்னும் திருமறை இசைக்காவியம் வியன்னாவில் இசைக்கப்பட்டது. நடக்க இயலாத அவரை நாற்காலியில் சுமந்து வந்தனர். ஒளி பிறக்கும் இடத்தில் அரங்கம் ஆர்ப்பரித்தபோது, அது மேலிருந்து வந்தது என அவர் வானைச் சுட்டினார். 1809 மே 31 அன்று மறைந்தார். அவர் நினைவாக வியன்னா ஆலயத்தில் நடந்த வழிபாட்டில் ஒலித்தது, மொசார்ட்டின் இரங்கற்பூசை இசை.