மாதம் 75 ரூபாயும் மூன்று அறிக்கைகளும்

கணித மேதை ராமானுஜனின் வரலாற்றைக் கூறுவோர், கும்பகோணத்து வறுமையிலிருந்து நேராகக் கேம்பிரிட்ஜுக்குச் சென்றுவிடுவதைப் பல முறை கவனித்திருக்கிறேன். இடையில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவராக அவர் கழித்த பத்தரை மாதங்கள் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகின்றன. ஆய்வுக்கெனக் கிடைக்கும் காலத்தை மாணவர் எவ்வாறு பயன்கொள்ள வேண்டும், அதனை வழங்கும் நிறுவனம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்னும் இரு வினாக்களுக்கும் அம்மாதங்களில் விடை இருப்பதாகவே நான் கருதுகிறேன்.

1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் ராமானுஜன். கணிதம் தவிர்த்த பாடங்களில் மனம் செல்லாததால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்த பின்னரும் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தரானார். அலுவல் போக எஞ்சிய பொழுதே கணிதத்துக்கு. அந்த நிலையில்தான் 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார்.

அடுத்த மாதம் சென்னைக்கு வந்திருந்த வானிலை ஆய்வுத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர், ராமானுஜனின் கணக்குகளைக் கண்டு பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார். கணிதப் பாடக்குழுவும் இசைந்தது. ஆனால், முதுகலைப் பட்டம் பெற்றவருக்கே ஆய்வு உதவித்தொகை என்றது விதி. ராமானுஜனிடமோ எந்தப் பட்டமும் இல்லை. ஆய்வை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் பணிகளுள் ஒன்று எனச் சட்டத்தின் முகவுரையே கூறுகிறதே என்ற வாதம் சிண்டிகேட்டில் எழுந்தது, அதுவே வென்றது. 1913 மே முதல் நாளிலிருந்து மாதம் 75 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. மூன்று மாதங்களுக்கு ஒரு முறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. துறைமுக அலுவலகம் ஊதியமில்லா விடுப்பு அளித்தது.

வாழ்வில் முதன்முறையாக, கணிதம் செய்வதே அவரது வேலையாயிற்று. ஆகஸ்ட், நவம்பர், மார்ச் என மூன்று அறிக்கைகளை அவர் அளித்தார். ஒரு சார்பைத் தொடராக விரிக்கும்போது கிடைக்கும் கெழுக்களைக் கொண்டே அதன் தொகையீட்டு மதிப்பை அறியும் வழி அவற்றில் விளக்கப்பட்டது. பின்னாளில் அது ராமானுஜனின் முதன்மைத் தேற்றம் எனப் பெயர் பெற்றது.

அவருடைய குறிப்பேடுகளில் முடிவுகளே நிறைந்திருக்கும். அவற்றை அடைந்த வழி பெரும்பாலும் இராது. தமக்காக எழுதியவருக்கு அது போதுமானதாக இருந்தது. அறிக்கையிலோ பிறருக்கு விளங்கும்படி நிறுவவும் எடுத்துக்காட்டவும் வேண்டியிருந்தது. அந்த நிறுவலில் முழுமையான கண்டிப்பு இல்லை. தேற்றம் பொருந்துவதற்கான நிபந்தனைகளை ஹார்டியே பின்னர் வகுத்தார். ஆயினும், கண்டதைப் பிறருக்கு உணர்த்தும் பயிற்சியே அவ்வாண்டின் பெரும்பேறு என்பேன்.

கடல் கடக்கத் தொடக்கத்தில் தயங்கிய ராமானுஜன், சொற்பொழிவாற்றச் சென்னை வந்த நெவிலைச் சந்தித்த பின் இசைந்தார். பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுண்டு வழங்க முன்வந்தது. மூன்றாவது அறிக்கையின் தேதி 1914 மார்ச் 9. அவர் கப்பலேறியது மார்ச் 17. 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1920-இல் தமது 32-ஆம் வயதில் சென்னையில் மறைந்தார்.

அத்தனை குறுகிய வாழ்வில் அந்தப் பத்தரை மாதங்கள் சிறு பொழுதல்ல. உதவித்தொகைக்காகக் காத்திருப்பதிலும் ஆய்வுக்குத் தொடர்பற்ற பணிகளிலும் ஆய்வு மாணவரின் நாள்கள் கழியுமானால், அந்த இழப்பை எந்தக் கால நீட்டிப்பும் ஈடு செய்யாது. மாணவரும் இடைக்கால அறிக்கையை வெறும் சடங்காகக் கருதலாகாது. தம் சிந்தனை பிறர் முன் நிற்குமா என்று அறிய அதைவிட நல்ல வாய்ப்பு அவருக்கு இல்லை. நூறாண்டுகளுக்கு முன் ஒரு பல்கலைக்கழகம் விதியைத் தளர்த்தியது. அறிக்கையை மட்டும் தளர்த்தவில்லை. இரண்டுமே சரியான முடிவுகள்.