ஆயிரம் புதல்விகளின் தாய்: எலைசா அக்னியூ அம்மையார்

எமது சங்கத்துக்கு நூறு வயதாகிறது. அதன் அங்கத்தவர்களாகிய எம்மிற் பலருக்கும் வயது போய்விட்டது. மணி அடித்ததும் ஓடிய கால்கள் இன்று படியேறத் தயங்குகின்றன. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் இருக்கிறார்கள். எம்மிற் சிலர் அவர்களோடும் சிலர் ஊரிலே தனித்தும் வாழ்கிறோம். இனி எம்மால் யாருக்கு என்ன பயன் என்ற எண்ணம் இரவு வேளைகளில் வந்து எம்மை வருத்துவதுண்டு. இந்த மலரிலே எலைசா அக்னியூ அம்மையாரை நினைக்க நாம் விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். உடுவிலில் அவர் ஆற்றிய பணி யாவரும் அறிந்தது. அவர் முதுமையை ஏற்றுக்கொண்ட விதம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அம்மையார் 1807இல் அமெரிக்காவின் நியூயோர்க் நகரிலே பிறந்தார். எட்டு வயதில், பூமிசாஸ்திர வகுப்பொன்றில், ஆசிரியர் உலகப் படத்திலே இந்தியாவையும் இலங்கையையும் காட்டி, அங்குள்ள மக்களுக்கு நற்செய்தியைக் கொண்டு செல்வோர் தேவை என்று கூறினாராம். அன்றே தாம் மிஷனரியாகப் போவதென்று அச்சிறுமி முடிவு செய்தார். ஆனால் அந்த முடிவு நிறைவேறுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. வீட்டிலே பெற்றோர் இருந்தார்கள். அவர்களுடைய காலம் முடியும்வரை அவர் புறப்படவில்லை. 1839இல் கப்பலேறியபோது அவருக்கு வயது 32. மணமாகாத பெண்ணொருவர் தனியே கடல் கடந்து ஊழியத்துக்கு வருவது அக்காலத்தில் அரிது. தாய் தந்தையரைப் பராமரித்த அந்த ஆண்டுகளை அவர் வீணாய்ப் போனவையாக எண்ணினார் என்று நாம் நம்பவில்லை. வயோதிபரோடு வாழ்வது எப்படி என்பதை அவர் அங்கேதான் கற்றிருக்க வேண்டும்.

அவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த 1840இல் உடுவில் விடுதிப் பாடசாலைக்குப் பதினாறு வயது. 1824இல் அதனை ஆரம்பித்த ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் 1833இலேயே காலமாகிவிட்டார். அவருக்குப் பின் ஸ்போல்டிங் தம்பதியர் அதனைப் பேணி வந்தனர். பெண்பிள்ளை எழுத்துப் படித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று பெரியோர் அஞ்சிய காலம் அது. அக்கினி அடுப்பும் உரலுமே பெண்ணின் உலகம் என்றிருந்த ஊரிலே, ஏட்டைக் கையிலெடுத்து வாசிக்கும் பிள்ளைகளை அவர் ஒவ்வொருவராக உருவாக்கினார். அந்த வாசிப்பின் நடுவிலே வேதாகமம் இருந்தது. அதனைத் தாமே வாசித்து விளங்கிக்கொள்ளப் பெண்ணுக்கும் உரிமை உண்டு என்பதே அவருடைய கல்வியின் அடித்தளம்.

1855இல் வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டது. மிஷனின் கொள்கைகள் மாறின. ஸ்போல்டிங் தம்பதியரும் 1870களில் ஒருவர் பின் ஒருவராக மறைந்தனர். அம்மையாரோ தம்மிடத்திலே இருந்தார். முதல் மாணவிகளின் மகள்மார் அவரிடம் படித்தார்கள். பின்னர் பேத்திமாரும் படித்தார்கள். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் அதிகமான பெண்கள் அவரிடம் கற்றனர். அவர்களுள் அறுநூறுக்கும் மேற்பட்டோர் பாடசாலைக் காலத்திலேயே கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டனர் என்று அக்காலப் பதிவுகள் கூறுகின்றன. தமக்கென்று ஒரு பிள்ளையும் இல்லாத அவருக்கு, ஆயிரம் புதல்விகளின் தாய் என்ற பெயர் நிலைத்தது. இத்தனை ஆண்டுகளில் ஒரு முறையேனும் அவர் தாயகம் திரும்பவில்லை. ஓய்வுக்கு ஊருக்குப் போகவில்லையா என்று கேட்டவர்களுக்கு, வேலை இருக்கிறது, நேரமில்லை என்ற பொருளிலேயே விடை கூறுவாராம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் தம் காலத்தின் மனிதர். எமது முன்னோரின் சமயத்தை அவருடைய தலைமுறை மிஷனரிமார் நோக்கிய விதம் எம்மிற் பலருக்கு இன்று ஏற்புடையதல்ல. மகள் மதம் மாறியதால் மனம் நொந்த வீடுகளும் இருந்திருக்கும். இந்தப் பழைய மாணவிகள் சங்கத்திலே சைவ சகோதரிகளும் கிறிஸ்தவ சகோதரிகளும் ஒரே வாங்கில் இருந்தவர்கள். அம்மையாரின் எல்லா முடிவுகளையும் சரியென்று சொல்லாமலே, அவருடைய அன்பை எல்லோரும் ஒன்றாக நினைக்கலாம் என்று எண்ணுகிறோம்.

1879இல், தமது 72ஆவது வயதில், அவர் பாடசாலையை விட்டு ஓய்வு பெற்றார். நாற்பதாண்டு கட்டளையிட்ட இடத்தைப் பிறரிடம் ஒப்படைப்பது எளிதல்ல. ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இதனை அறிவார்கள். அப்போதும் அவர் அமெரிக்காவுக்குத் திரும்பவில்லை. உடுவிலுக்கு அருகிலுள்ள மானிப்பாயிலே, புதிதாக ஊழியத்துக்கு வந்த மேரி, மார்கிரட் லீச் சகோதரிகளின் வீட்டிலே தங்கினார். தலைமை தாங்கியவர் இப்போது இளையவர்கள் நடத்தும் வீட்டில் ஒருவரானார். அந்தச் சகோதரிகள் கிராமங்களுக்குப் போன இடமெல்லாம் அவரிடம் படித்த பெண்களைக் கண்டார்கள். வாசிக்கத் தெரிந்த ஒரு தாய், தன் பிள்ளைகளுக்கு வேதக் கதை சொல்லும் ஒரு பாட்டி என்று, அவர் விதைத்தது வீட்டுக்கு வீடு முளைத்திருந்தது.

1883இல் அவர் நோயுற்றார். இறுதி வேளையில், அருகிலிருந்த மூத்த மிஷனரி ஒருவர் ஜெபிக்கட்டுமா என்று கேட்டார். இலங்கைப் பெண்களுக்காக ஜெபிக்கும்படி அம்மையார் வேண்டிக்கொண்டார். தமது நோவுக்காகவோ சுகத்துக்காகவோ அவர் எதையும் கேட்கவில்லை. மானிப்பாயிலேயே அவர் கண்மூடினார்.

எழுபத்தோராம் சங்கீதத்திலே ஒரு முதியவரின் மன்றாட்டு இருக்கிறது. பெலன் குறையும் காலத்தில் தம்மைக் கைவிடாதிருக்கும்படி அவர் தேவனிடம் கேட்கிறார். அடுத்த தலைமுறைக்குத் தேவனுடைய செயல்களைச் சொல்லும்வரை தமக்கு நாளைத் தரும்படியும் கேட்கிறார். லூக்கா எழுதிய சுவிசேஷத்திலே வரும் அன்னாளோ முதிர்ந்த விதவை. ஆலயத்தை விட்டு நீங்காமல் ஜெபித்திருந்தவள். குழந்தை இயேசுவைக் கண்டு மற்றவர்களுக்கு அறிவித்தவர்களுள் அவளும் ஒருத்தி.

தேவ இரக்கம் நாம் செய்த வேலைக்குக் கொடுக்கப்படும் கூலியாக இருந்தால், வேலை நின்ற நாளில் அதுவும் நின்றுவிடும். அது அப்படியல்ல என்பதற்கு மானிப்பாயில் கழிந்த அவருடைய இறுதி ஆண்டுகள் எமக்குச் சாட்சி. வகுப்பறையும் அதிகாரமும் உடல்நலமும் ஒவ்வொன்றாக நீங்கிய பின்னரும், பிறருக்காக வேண்டிக்கொள்ளும் வேலை அம்மையாரிடம் எஞ்சியிருந்தது. அது கட்டிலிலே கிடப்பவருக்கும் முடியும். தூரதேசத்திலே யன்னலோரம் இருப்பவருக்கும் முடியும்.

எனவே, அன்பான சகோதரிகளே, நீங்கள் எங்கிருந்தாலும், இன்றிரவு உங்களோடு படித்த ஒருத்தியின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். முடிந்தால் அவளுக்கு ஒரு தொலைபேசி அழைப்பும் எடுங்கள். எமது அன்னையருள் ஒருவரான எலைசா அக்னியூ அம்மையாருக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.