சேலத்தில் ஒரு சினிமாப் பட்டறை: டி. ஆர். சுந்தரத்தின் வாழ்வு

ஊவா மலைத் தோட்டங்களில் வாழும் நம்மவரில் பலருடைய பாட்டன் பூட்டன்மார் சேலம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை ஆகிய பகுதிகளிலிருந்து கடல் கடந்து வந்தவர்கள். சேலம் என்ற சொல் நம் முதியோருக்குச் சொந்த ஊரை நினைவூட்டும். பதுளையிலும் பண்டாரவளையிலும் படமாளிகைக்குச் சென்று பழகியவர்களுக்கோ அதே சொல் 'மாடர்ன் தியேட்டர்ஸ்' என்னும் பெயரையும் நினைவூட்டும். பட நிறுவனங்கள் யாவும் சென்னையைத் தேடி ஓடிய காலத்தில், சேர்வராயன் மலையடிவாரத்தில், ஏற்காடு செல்லும் பாதையில், அந்த ஸ்டூடியோ எழுந்து நின்றது. அதை நிறுவியவர் திருச்செங்கோடு ராமலிங்கம் சுந்தரம். டி. ஆர். சுந்தரம் என்றால் யாவரும் அறிவர்.

1907ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் திருச்செங்கோட்டில், நெசவும் துணி வாணிபமும் நன்கு அறிந்த செங்குந்த முதலியார் குடும்பமொன்றில் இவர் பிறந்தார். பட்டப் படிப்பை முடித்தபின் நெசவுத் தொழில்நுட்பம் கற்பதற்காக இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அங்கே கிளாடிஸ் என்ற ஆங்கிலப் பெண்மணியை மணந்துகொண்டு, 1930களின் தொடக்கத்தில் தாயகம் திரும்பினார். வீட்டார் எதிர்பார்த்தது துணி ஆலை. அவர் மனம் சென்றதோ பேசும் படத்தின் பக்கம்.

தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931இல் வெளிவந்திருந்தது. ஆயினும் படம் பிடிக்கத் தமிழ்நாட்டில் போதிய வசதி இருக்கவில்லை. நடிகர், பாடகர், பக்க வாத்தியக்காரர், சமையற்காரர் ஈறாக ஒரு பட்டாளமே ரயில் ஏறிக் கல்கத்தாவுக்கோ பம்பாய்க்கோ போக வேண்டும். மொழி தெரியாத ஊரில், தமிழ் அறியாத நெறியாளரிடம் வேலை செய்ய வேண்டும். சேலத்து ஏஞ்சல் பிலிம்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து 'திரௌபதி வஸ்திராபகரணம்' போன்ற படங்களில் பங்குகொண்ட சுந்தரம், இந்த அலைச்சலையும் வீண் செலவையும் நேரிலே கண்டார். நம் ஊரிலேயே ஏன் ஒரு ஸ்டூடியோ அமைக்கக் கூடாது என்ற கேள்வி அவர் உள்ளத்தில் எழுந்தது. அதன் விடையாக 1935இல் பிறந்ததே மாடர்ன் தியேட்டர்ஸ்.

படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவுக் கூடம், பிலிம் கழுவும் இடம், தச்சுப் பட்டறை, உடைகள் தைக்கும் பகுதி என அனைத்தும் ஒரே மதிலுக்குள் அமைந்தன. ஜெர்மானிய ஒளிப்பதிவாளரையும் அவர் அழைத்து வந்து வேலைக்கு அமர்த்தினார். வெளிநாட்டார் கையாலே வேலையும் நடந்தது, அவர்கள் பக்கத்தில் நின்ற உள்ளூர் இளைஞரும் தொழில் பழகினர்.

முதற்படமான 'சதி அகல்யா' 1937இல் வெளிவந்தது. அதன் கதாநாயகி நம் இலங்கையிலிருந்து சென்ற கே. தவமணிதேவி. புராணப் படத்தின் நாயகி நீச்சல் உடையில் தோன்றும் புகைப்படங்கள் விளம்பரத்திற்காக வெளிவந்தபோது, பலர் முகம் சுளித்தனர். படமோ ஓடியது. விளம்பரத்தின் வலிமையை அறிந்த வியாபாரி அவர் என்பதை இங்கே மறைப்பதற்கில்லை. அவரைத் துறவியாகக் காட்டுவது நம் நோக்கமும் அல்ல.

அடுத்த ஆண்டே அண்டை மொழிக்கும் அவர் பணி பரவியது. மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938இல் மாடர்ன் தியேட்டர்ஸில் உருவாயிற்று. மாற்றாந்தாயின் கொடுமைக்கு ஆளான அநாதைச் சிறுவர் இருவரின் கதை அது. பின்னர் தெலுங்கு, கன்னடம், இந்தி, சிங்களம் ஆகிய மொழிகளிலும் அங்கே படங்கள் தயாராயின. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அந்த மதிலுக்குள்ளிருந்து வெளியே வந்தன. அவற்றுள் பலவற்றை அவரே நெறிப்படுத்தினார்.

இத்தனை படங்கள் எவ்வாறு முடிந்தன? விடை, ஒழுங்கு என்ற ஒரு சொல்லில் அடங்கும். லீட்ஸ் நகரில் அவர் கற்றது நெசவு. நூல் அறுந்தால் தறி நிற்கும், தறி நின்றால் நட்டம். ஸ்டூடியோவையும் ஓர் ஆலையாகவே அவர் கண்டார் எனலாம். கதை முழுமையாக எழுதி முடிய வேண்டும். செலவுக் கணக்குத் திட்டமாக வேண்டும். அதன் பிறகே காமிரா சுழலும். குறித்த நேரத்தில் அனைவரும் தளத்தில் இருக்க வேண்டும். பெரிய நடிகர், சிறிய நடிகர் என்ற வேறுபாடு அங்கே செல்லாது. எழுத்தாளருக்கும் தொழில்நுட்பக் கலைஞருக்கும் மாதச் சம்பளம். ஆகவே அங்கிருந்தோர் அவரை 'முதலாளி' என்றே அழைத்தனர்.

அவரது கண்டிப்பைப் பற்றித் திரையுலகில் பல கதைகள் உலவுகின்றன. 'அலிபாபாவும் 40 திருடர்களும்' முடியும் தறுவாயில், எம்.ஜி.ஆர். வரத் தாமதமானதால், அவரைப் போன்ற தோற்றமுடைய ஒருவரை வைத்து எஞ்சிய காட்சிகளை எடுத்து முடித்தார் என்பது அவற்றுள் ஒன்று. அது எவ்வளவு தூரம் மெய்யோ, அப்படி ஒரு கதை ஒட்டிக்கொள்ளக்கூடிய மனிதராக அவர் விளங்கினார் என்பது மட்டும் மெய்.

பிரட்டுக் களத்தையும் அரைப்பேரையும் அறிந்த நமக்கு, நேரக் கண்டிப்பு என்றதும் நெஞ்சில் ஒரு கசப்புத் தோன்றுவது இயல்பு. தாமதமாக வந்தவனின் கூலியை வெட்டத் தெரிந்த எத்தனையோ பேர், உழைத்தவனின் கூலியைக் காலத்தில் கொடுக்க மறந்ததை நம் மூதாதையர் கண்டார்கள். சுந்தரத்தின் கண்டிப்பு இருபுறமும் செல்லுபடியாகியது. வேலை வாங்குவதில் கறாரானவர், பேசிய பணத்தைக் கொடுப்பதிலும் நாணயமானவர் என்று பெயரெடுத்தார். தாமே தளத்தில் நின்று நெறியாள்கை செய்தார். 1940களில் வெளிவந்த 'பர்மா ராணி', 'சுலோசனா' ஆகிய படங்களில் நடிக்கவும் செய்தார். ஒழுங்கு அதிகாரியிடமும் தொடங்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

திறமையைக் கண்டு பிடிப்பதில் அவருக்கு இருந்த கண் கூர்மையானது. வாய்ப்பின்றி ஒதுங்கியிருந்த பி. யு. சின்னப்பாவை 1940இல் 'உத்தம புத்திரன்' படத்தில் இரட்டை வேடத்தில் நிறுத்தினார். அப்படம் சின்னப்பாவை முதல்வரிசை நடிகராக்கியது. புரட்சிக் கவிஞர் பாரதிதாசனின் காவியத்தை 1950இல் 'பொன்முடி'யாகப் படமாக்கினார். வில்லனாகவே நாம் அறிந்த எம். என். நம்பியார் அதே ஆண்டில் 'திகம்பர சாமியார்' படத்தில் பல வேடங்கள் தாங்கி நடித்தார். கவிஞர் கண்ணதாசன் வாழ்வின் தொடக்க நாட்களில் அங்கே வேலை செய்தவர்.

அவ்வாண்டில் வெளிவந்த 'மந்திரி குமாரி' தனியே சொல்லத்தக்கது. 'குண்டலகேசி' காப்பியக் கதையைத் தழுவி வசனம் எழுதியவர் மு. கருணாநிதி. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு. எம்.ஜி.ஆர். கதாநாயகன். அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் நெறியாளர். படம் முடியுமுன் டங்கன் தாயகம் திரும்பவே, எஞ்சியதைச் சுந்தரம் எடுத்து முடித்தார். இருவர் பெயரும் படத்தில் இடம்பெற்றன. அதன் பாடல்கள் வானொலி வழியாக நம் லயன்களிலும் ஒலித்தன. எழுதியவர் 1969இலும் நடித்தவர் 1977இலும் தமிழ்நாட்டின் முதலமைச்சரானார்கள். 'ஆயிரம் தலைவாங்கி அபூர்வ சிந்தாமணி' (1947) படத்தில் நடித்த வி. என். ஜானகியும் 1988இல் சில நாட்கள் அப்பதவியில் இருந்தார்.

1952இல் ஹாலிவூட் நிறுவனமொன்றுடன் கூட்டுச் சேர்ந்து 'தி ஜங்கிள்' என்ற ஆங்கிலப் படத்தையும் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்தது. 1956இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். மலையாளத்திற்கு முதல் வண்ணப் படத்தைத் தந்ததும் சேலமே. 1961இல் வெளிவந்த அதன் பெயர் 'கண்டம் வெச்ச கோட்டு'. ஒட்டுப் போட்ட கோட்டு என்பது பொருள். ஹஜ் யாத்திரைக்கெனக் காசு காசாகச் சேர்த்த ஏழை முஸ்லிம் செருப்புத் தொழிலாளி ஒருவர், புறப்படும் தறுவாயில், ஓர் ஏழைப் பெண்ணின் திருமணத்திற்காக அத்தனையையும் கொடுத்துவிடும் கதை அது. நற்செய்தியில் வரும் ஏழைக் கைம்பெண்ணின் காசை நினைவுபடுத்தும் இக்கதையை, அவர் தம் கடைசிக் காலத்தில் தாமே நெறிப்படுத்தினார்.

1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள் சுந்தரம் காலமானார். வயது ஐம்பத்தாறுதான். மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்று 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' போன்ற துப்பறியும் படங்களைத் தந்தார். அவையும் ஓடின. எனினும் காலம் மாறியது. நடிகரின் நாட்களுக்காகப் பட முதலாளி காத்திருக்கும் வழக்கம் வந்தது. சென்னையிலே குவிந்துவிட்ட கலைஞர்களைச் சேலம் வரை வரவழைப்பது கடினமாயிற்று. 1980களின் தொடக்கத்தில் தயாரிப்பு நின்றது. அந்நிலம் குடியிருப்புகளாக மாறியது. எஞ்சியிருப்பது நுழைவாயில் வளைவு மட்டுமே.

அன்பு வாசகர்களே, இவ்வாழ்வு நமக்கு இரண்டைச் சொல்கிறது. தலைநகரில் பிறந்தால்தான் பெரிய காரியம் செய்யலாம் என்பது பொய். கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் ரயில் ஏறிய ஒரு தொழிலை மலையடிவாரத்து ஊருக்கே இழுத்து வந்தார் ஒருவர். கொழும்புக்குப் போனால்தான் வாழ்வு என்று மூட்டை கட்டும் நம் இளைஞர் இதைச் சிந்திக்கலாம். மற்றொன்று சற்றே கசப்பானது. அத்தனை ஒழுங்கும் ஒரு மனிதரின் கண்ணிலும் குரலிலும் தங்கியிருந்தது. அவர் மறைந்ததும் அது மெல்லத் தளர்ந்தது. சங்கமாயினும், வாசிகசாலையாயினும், தோட்டத்துப் பாடசாலையாயினும், தொடங்கியவரோடு முடிந்துவிடாதபடி பார்த்துக்கொள்வதும் தொடங்கியவரின் கடமையே. சேலத்து வளைவைப் பார்த்துப் பெருமைப்படுவது எளிது. அதன் பின்னால் இன்றும் ஒரு பட்டறை இயங்கிக்கொண்டிருந்தால் அது எவ்வளவு பெரிய பேறாக இருந்திருக்கும்!