தாளைச் சுமந்த உருளை

செய்தித்தாள் இன்று இயந்திரத்தில் மளமளவென்று அச்சாகிறது. இதற்கு முதலில் வழி காட்டியவர் பிரெடரிக் கோனிக்.

இவர் இன்றைய ஜெர்மனியில் உள்ள ஐஸ்லேபன் ஊரில், 1774 ஏப்ரல் 17 அன்று ஓர் எளிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். லைப்சிக் நகரில் அச்சுத்தொழில் கற்றார். அப்போது எல்லாமே கைவேலைதான். ஒருவர் மை தடவுவார். மற்றொருவர் தாளை வைத்துக் கைப்பிடியை இழுப்பார். மணிக்கு 250 தாள் அச்சானாலே பெரிய விஷயம்!

நீராவியால் அச்சடிக்க முடியும் என்று நம்பிய கோனிக், 1806இல் லண்டன் போனார். அச்சக அதிபர் பென்ஸ்லி பணம் தந்தார். ஆண்ட்ரியாஸ் பாவர் என்ற தொழில் வல்லுநர் தோள் கொடுத்தார். சுழலும் உருளை தாளைச் சுமந்து சென்று எழுத்துகளின் மேல் அழுத்தியது. 1814 நவம்பர் 29 அன்று 'தி டைம்ஸ்' நாளிதழ் அந்த இயந்திரத்தில் அச்சானது. மணிக்கு 1,100 தாள்கள்!

தன் கண்டுபிடிப்புகளுக்குக் கோனிக் காப்புரிமை வாங்கியிருந்தார். காப்புரிமை என்றால், கண்டுபிடித்தவரின் அனுமதியின்றிப் பிறர் அதைச் செய்யக்கூடாது என்னும் சட்ட உரிமை. ஆனாலும் பென்ஸ்லியுடன் பிணக்கு முற்றியது. தன் உரிமைக்கு மதிப்பில்லையே என்று மனம் நொந்த கோனிக், 1817இல் தாயகம் திரும்பினார்.

லண்டனில் ஆப்பிள்கத், கவுப்பர் என்ற இருவர் அவரது இயந்திரத்தைத் திருத்தி அமைத்தனர். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போமா? இருபுறமும் அச்சடிக்க, தாளை ஓர் உருளையிலிருந்து அடுத்த உருளைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். கோனிக் நாடாக்களால் வளைத்து அனுப்பினார். கவுப்பர் நடுவில் இரண்டு உருளைகளைக் கூடுதலாக வைத்தார். அதனால் தாள் நகராமல், இருபக்க அச்சும் நேராகப் பொருந்தியது. திருத்தம் கவுப்பருடையது, ஆனால் உருளையில் அச்சடிக்கும் இயந்திரத்தை முதலில் ஓட வைத்தவர் கோனிக். இரண்டுமே உண்மைதானே?

கோனிக் புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. வூர்ஸ்பர்க் அருகே ஒரு பழைய மடத்தில் பாவருடன் தொழிற்சாலை தொடங்கினார். திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்த கிராமத்து இளைஞர்களுக்கு இரும்பு வேலை கற்றுக்கொடுத்தார்.

1833 ஜனவரி 17 அன்று கோனிக் மறைந்தார். அவர் தொடங்கிய நிறுவனம் 200 ஆண்டுகளைத் தாண்டி இன்றும் அச்சு இயந்திரங்கள் செய்கிறது.

மாணவர்களே, பிறர் யோசனையை நீங்கள் மேம்படுத்தலாம், தவறில்லை. ஆனால், முதலில் யோசித்தவர் பெயரைச் சொல்ல மறக்காதீர்கள்!